வழி ஏழு

கொருக்குப்பேட்டையில் காசு கேட்காமல் வருபவை:
காற்று திரும்பினால் மணலி வாசனை,
கொசு,
இப்போது என் லேப்டாப்பில் கிரெப்.

நாற்பத்தோராயிரம் வரி.
கன்டெய்னர் யார்டின் கட்டணக் கணக்கு.
எழுதியவர்கள் யாரும் இன்று வேலையில் இல்லை.
ஒரு ஃபங்ஷனுக்குப் பெயர் தற்காலிகம்.
பக்கத்திலேயே தற்காலிகம்_2.
"எங்கேயோ காசு ஒழுகுது, பாரும்மா"
என்றார் ரெஜினால்டு சார்.
விலைக்கு விற்கும் கருவி ஒன்றைக் கேட்டேன்.
"ஓசியில இருக்குமே."
இருந்தது.

முதல் ராத்திரி, படம் வரையும் கருவி.
யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
அம்புக்குறி போட்டுக் காட்டுமாம்.
திரை முழுக்க அம்பு,
எங்கள் தெருக் கம்பத்தில்
கேபிள்காரர் விட்டுப்போன முடிச்சு மாதிரி.
மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அப்புறம் டீபக்கர்.
2114ஆம் வரியில் சிவப்புப் புள்ளி வைத்தால்
புரோகிராம் அங்கேயே நிற்கும்
ரயில்வே கேட் போட்ட மாதிரி.
கேட்டில் நின்றே வளர்ந்தவள் நான்,
கூட்ஸ் வண்டியைப் பெட்டி எண்ணாமல் விட்டதில்லை.
ஒவ்வொரு வரியாக விட்டேன்.
எடை சரி. தேதி சரி.
தாமதம் பதினெட்டு மணி நேரம், அதுவும் சரி.
அடுத்த வரியில்
கட்டணம் பூஜ்யம்.

வழி ஏழு என்றால் பூஜ்யம்.

ஏழு என்றால்?
கிரெப் நான்கு இடம் காட்டியது.
மூன்றில் அது வெறும் ஏழு.
நான்காவது, யாரும் திறக்காத பழைய பட்டியல்:
"7 - சுரங்கப்பாதைல தண்ணி. சுத்தி வர்ற வண்டி."

எந்த வரியை யார் எழுதினார் என்று கிட் சொல்லும்.
அந்தக் கட்டளைக்குப் பெயர் பிளேம்.
பழி.
ஆ. தனசிங். டிசம்பர் நாலு, விடிகாலை 3.10.
"வியாசர்பாடில வண்டிங்க நிக்குது.
டிரைவருங்க கைக்காசு போவுது.
இப்போதைக்கு இது."

இப்போதைக்கு, ஒன்பது வருஷம்.
கத்திரி வெயிலிலும் ஏழு போட்டுவிட
யார்டு வாசலில் யாரோ பழகியிருக்கிறார்கள்.
ஒழுகல் அதுதான்.

"ஏழைத் தூக்கிடு" என்றார் சார்.
எண்ணைத்தான் சொன்னார்.

எண்ணூர் ஹைரோட்டில் லாரிகள்
ஒன்றின் முதுகில் ஒன்று ஹாரன் அடிக்கின்றன.
தூக்கவில்லை.
மழைநாள் பட்டியலைப் பார்த்துவிட்டு
அன்றைக்கு மட்டும் ஏழு செல்லும் என்று மாற்றினேன்.
இரண்டு டெஸ்ட். ஒன்று ஓடுகிறது.
இன்னொன்று ஏன் விழுகிறது என்று
இன்னும் தெரியவில்லை.

தனசிங்கின் வரியைத் தொடவில்லை.
அதற்கு மேலே, புது வரியில் எழுதினேன்.
ஒரு எழுத்தைத் தொட்டாலும்
பழி என் பேருக்கு வந்துவிடும்.