ஒற்றையாள் அகலம்

பரிசலுக்கு வரிசை நீளமாக நின்றது.
"நடந்தே போயிடலாம்" என்றான் தீர்த்தகிரி.
சண்டை, பென்னாகரம் பேருந்து நிலையத்தில்
இரண்டாவது டீயோடு ஆரம்பித்திருந்தது.
தம்பியின் மாங்கூழ் கம்பெனிக்கு
இவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டு நான்கு மாதம்.
எனக்குத் தெரிந்து நான்கு நாள்.

மீன் வறுக்கும் கடைகள் முடிந்தன.
எண்ணெய் தேய்ப்பவர்களின் வழுக்குப் படிகளும் முடிந்தன.
'முதலைகள் நடமாடும் பகுதி' என்ற பலகையில்
முதலைக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.
அதற்குப் பிறகு பாறைதான்.
ஆறு தன் இடது தோளில் விட்டுவைத்த
ஒற்றையாள் அகலப் பாதை.

அவன் முன்னால். நான் பின்னால்.
தை மாதத் தண்ணீர்
பாறையை மூடப் போதாது,
பேச்சை மூடப் போதும்.
பத்தடிக்கு ஒருமுறை ஏதோ சொன்னான்,
முதுகு அசைவதில் தெரிந்தது.
"வட்டி" என்று காதில் விழுந்தது.
"வழுக்கும்" என்றானாம்.
வழுக்கியது.

நீர்மருதின் கிளையில்,
என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில்
ஒரு கிழிந்த சேலை, உரச்சாக்கு, காய்ந்த நாணல்.
ஆடியில் ஆறு அங்கே நடந்திருக்கிறது.
நாங்கள் இப்போது அதன் தரையில் நடக்கிறோம்,
வீட்டுக்காரர் இல்லாத வீட்டில்
குரல் தாழ்த்தாமல்.

பாறை முழுக்க உரல் உரலாகக் குழிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கூழாங்கல்,
அந்தக் குழியைக் குடைந்த கல்.
குடைந்த குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கல்.
முழங்கை வரை கையை விட்டு ஒன்றை எடுத்தேன்.
நாட்டுக்கோழி முட்டை அளவு,
அத்தனை வெள்ளத்திலும் வெளியேறத் தெரியாதது.
அவன் சட்டைப் பையில் போடலாமா என்று யோசித்தேன்.
திரும்ப வைத்துவிட்டேன்.
உள்ளே அது 'டக்' என்றது கேட்கவில்லை,
விரலில் தெரிந்தது.

கைபேசி அதிர்ந்தது.
கர்நாடகத்துக்கு நல்வரவு என்றது.
நான் நிற்பது தர்மபுரி மாவட்டத்துப் பாறை.
எதிர்க்கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்தி
எங்களைப் பார்த்துக் கையை வீசினாள்.
தீர்த்தகிரி பதிலுக்குக் கையசைத்தான்.
அவள் தலையில் அடித்துக்கொண்டு
எங்களுக்கு முன்னால் எதையோ சுட்டினாள்.

பாதை அறுந்திருந்தது.
ஒரு எட்டுக்குக் கொஞ்சம் கூடுதலான வாய்,
அடியில் நுரை.
அவன் தாண்டிவிட்டான்.
யோசிக்காமல் தாண்டுவதற்கென்றே வளர்ந்த கால்கள்.
திரும்பிக் கை நீட்டினான்.
கையெழுத்துப் போட்ட அதே கை.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்.
பிறகு விரல்களை விட்டுவிட்டு
மணிக்கட்டைப் பிடித்தேன்.
நாடி ஓடிக்கொண்டிருந்தது, தாறுமாறாக.
பயந்துதான் போயிருக்கிறான்,
இன்றைக்கா, நான்கு மாதமாகவா.
கேட்கவில்லை.
கேட்டாலும் கேட்டிருக்காது.

வளைவில் எதிரே ஒரு பரிசல் வந்தது,
கவிழ்த்த சட்டியாய்,
அடியில் முகமில்லாத இரண்டு கால்கள்.
பாறையோடு ஒட்டி நின்று வழி விட்டோம்.
என் முதுகு அவன் மார்பில்.
தார் வாசம் மெல்லக் கடந்தது.
"வரட்டுமாங்க" என்றது பரிசல்.
"வாங்க" என்றோம் இரண்டு பேரும்,
ஒரே நேரத்தில்.
நான்கு நாளில் சேர்ந்து சொன்ன ஒரே சொல்.
கால்கள் போன பிறகும்
உடனே நகரவில்லை நாங்கள்.
பாதை அப்படி.

மணல் வந்ததும் வழி விரிந்தது.
இரைச்சல் ஒரு வளைவுக்குப் பின்னால் தங்கிவிட்டது.
அவன் என் பக்கத்தில் வந்து நடந்தான்.
"மொத்தம் எவ்வளவு?" என்றேன்.
சொன்னான்.
வட்டியைச் சேர்த்து மறுபடியும் சொன்னான்,
இந்தத் தடவை மணலைப் பார்த்து.
ஒரு மீன்கொத்தி நீரைத் தொட்டது, வெறும் வாயோடு எழுந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
வந்த பாறை, இங்கிருந்து பார்க்கப் பாதையாகவே இல்லை.

"ரோட்டுக்கு ஏறினா ஆட்டோ கிடைக்கும்" என்றான்.
நான் மணலில் உட்கார்ந்து
செருப்பு வாரை ஒரு துளை
இறுக்கிப் போட்டேன்.