அபராதத்தில் செய்த சாமிகள்

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேல்
கத்திப் பேச வேண்டியிருந்தது.
கிரீஸ் போய்வந்த கதையைத் தபித்தாவிடம்
அப்படித்தான் சொன்னேன்.
அவள் கணக்கு நோட்டை மூடவில்லை.
காலடியில் வஞ்சிரம் நாலு, ஒரு கூடை கவலை.

பதினெட்டுப் பேர் போனோம்,
விளையாட்டு மேலாண்மை இரண்டாம் ஆண்டு.
ராயபுரத்திலிருந்து நான் ஒருத்திதான்.
பாதி பேங்க் லோன், பாதி அம்மா எடுத்த சீட்டு,
குளிருக்கு பர்மா பஜார் ஜெர்க்கின்.

ஏதென்ஸில் ஒரு தடகளச் சங்க அலுவலகம்.
சின்னக் கோப்பையில் சேறு மாதிரி காபி.
ஓர் அம்மா திரையில் காட்டிக்கொண்டே போனார்:
பதிவு, உரிமம், மேல்முறையீடு,
பிறகு வயதுச் சோதனை.
மணிக்கட்டு எலும்பின் எக்ஸ்ரே
காயவைத்த நெத்திலி போல வெள்ளையாய்.
எல்லோரும் குறிப்பெடுத்தார்கள்.
என் கை மேசைக்கடியில் இருந்தது.

மறுநாள் ஒலிம்பியா.
ஊசியிலை மரம், சில்வண்டு,
வெயில் மட்டும் நம்மூர் வெயில்.
மைதானத்துக்குள் நுழையும் வழியில்
வரிசையாய்க் கல் பீடங்கள். மேலே ஒன்றுமில்லை.
ஏமாற்றி மாட்டியவர்கள் கட்டிய அபராதத்தில்
வெண்கலச் சாமி செய்து நிறுத்தினார்களாம்,
யார், எந்த ஊர், என்ன செய்தான் என்று எழுதி.
முதல் ஆள் ஒரு குத்துச்சண்டைக்காரன்.
எதிராளிகள் மூன்று பேரைக் காசுக்கு விழவைத்தவன்.
ஓடப் போகிற ஒவ்வொருவனும்
இதைத் தாண்டித்தான் கோட்டுக்குப் போகவேண்டும்.

சாமிகளை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள்.
பீடம் இருக்கிறது.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நானூறு மீட்டர்
நான் ஓடியபோது எனக்குப் பத்தொன்பது.
தேதியை மாற்றித் தந்தவர் இரண்டாயிரம் வாங்கினார்,
வருஷத்துக்கு ஆயிரம்.
தபித்தா ஒரு கை அகலத்தில் இரண்டாவது.
ஒரு பேர்தான் எடுத்தார்கள்.
அந்தக் கோட்டாவில் கல்லூரி,
கல்லூரியால் இந்தப் பயணம்.

உள்ளே, புறப்படும் இடத்தில்,
கால்விரல் பதிக்கக் கல்லில் இரண்டு பள்ளம்.
ஷூவைக் கழற்றிவிட்டு எல்லோரும் நின்றார்கள், ஓடினார்கள்.
என்னைக் கூப்பிட்டார்கள்.
தொடையில் பிடிப்பு என்றேன்.
பதினேழு பேரையும் நான்தான் போட்டோ எடுத்தேன்.

இதையெல்லாம் காசிமேட்டில் கத்திச் சொல்ல முடியுமா?
பீடம் வரைக்கும் சொன்னேன்.
அங்கே மெஷின் நின்றுவிட்டது.

"தெரியும்" என்றாள்.
"உன் தம்பி கிளமென்ட் என் கிளாஸுதானே.
லிஸ்ட்ல பாத்தேன் உன் பொறந்த தேதிய.
அவனுக்கு நீ நாலு மாசம் தங்கச்சியாம்!
அன்னிக்கு ராத்திரி பூரா சிரிச்சேன்."
பேனாவை மூடினாள்.
"மறுநாள்லாம் இல்ல. அன்னிக்கு மட்டும்."

கடலில் ஒரு விசைப்படகு இருமிக்கொண்டே வந்தது.

"எவ்ளோ கட்ட சொன்னாங்களாம்
அந்தக் குத்துச்சண்டைக்காரன?"
தெரியவில்லை. அதை நான் குறிக்கவில்லை.

அவள் குனிந்தாள்,
இருந்ததில் பெரிய வஞ்சிரத்தைத் தராசில் போட்டாள்.
"ரெண்டேகால் கிலோ. கிலோ ஆயிரத்து நானூறு."
பக்கத்துத் தராசுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
காலையில் ஏலம் போனது எண்ணூற்றுக்கு.

நான் பேரம் பேசவில்லை. போனை நீட்டினேன்.
மேசை மேலிருந்த சின்னப் பெட்டி
தொகையை ஊருக்கே உரக்கச் சொன்னது:
மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய் பெறப்பட்டது.
வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"குழம்பு வைக்காத, வறு" என்றாள்,
அடுத்த பக்கத்தைத் திருப்பியபடி.

கல்மண்டபம் வரை நடந்தேன்.
பையில் ஐஸ் உருகி
ஒவ்வொரு எட்டுக்கும் முழங்காலில் சொட்டியது.