வரப்பு

இரவு பதினொன்றே முக்கால்.
பாலக்கோடு அரசு மருத்துவமனை, ஜன்னலோரக் கட்டில்.
தக்காளி மண்டியில் கிரேடு தூக்கும் திம்மராயன்
தன் வலது காலை
யாரோ விட்டுப்போன மூட்டை போலப் பார்க்கிறான்.
ஆணி ஏறி ஐந்து நாள்.
மூன்று நாள் மஞ்சள்,
அப்புறம் மெடிக்கலில் சில்லறைக்கு வாங்கிய
பெயர் தெரியாத இரண்டு மாத்திரை.
இப்போது கணுக்காலைக் காணோம்.
சிவப்பு முழங்காலை நோக்கி நடக்கிறது.

சிவப்பு முடிகிற இடத்தில்
என் நீலப் பேனாவால் கோடு போட்டேன்.
பக்கத்தில் மணி எழுதினேன்.
"எதுக்கு மேடம், ஆபரேசனா?"
"வரப்பு. தாண்டுதான்னு பாக்கணும்."
அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

சீட்டில் செஃப்ட்ரையாக்சோன்.
குப்பிக்குள் வெள்ளைத் தூள்
கோலமாவைப் போல உதிரியாய்.
கரைக்கும் முன் கேட்டேன்:
எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதா?
"மருந்தெல்லாம் ஒத்துக்கும். வேலதான் ஒத்துக்கல."
பக்கத்துக் கட்டில் சிரித்தது.
கெம்பம்மா சிரிக்கவில்லை.
"மாரண்டஅள்ளில ஒருக்கா பென்சிலின் போட்டப்ப..."

குப்பியைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

டாக்டர் நஸ்ரீன் தூக்கக் கண்ணோடு வந்து
போலீஸ் மாதிரி விசாரித்தார்.
உதடு வீங்கிச்சா? உடம்பு தடிச்சுதா?
மூச்சு இழுத்துச்சா? எந்த வருசம்?
புருசனும் பெண்டாட்டியும் ஒரு கல்யாணத்தை,
அதில் போட்ட சண்டையை,
சண்டைக்கு முன் சாப்பிட்ட மீன்குழம்பைத் தேடிப் பிடித்து
வயிறுதான் போச்சு என்று முடித்தார்கள்.
அதற்குப் பிறகும் இரண்டு தடவை அதே ஊசி,
ஒன்றும் ஆகவில்லை.
டாக்டர் எல்லாவற்றையும் எழுதினார்,
மீன்குழம்பை மட்டும் விட்டுவிட்டு.

முன்கைத் தோலுக்கடியில் ஒரு துளி.
கொசு கடித்த அளவு எழும்பியது.
சுற்றி ஒரு நீல வட்டம்.
வட்டம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.
வட்டம் சுத்தமாக இருந்து
ஆள் சாய்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.
அதனால்தான் தட்டில் அட்ரினலின்.
அதனால்தான் நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்,
நாற்காலி இல்லாமல்
ஆக்சிஜன் சிலிண்டர் மேல் ஒரு கை ஊன்றி.

அரை மணி நேரம்.
வெளியே கேரளா லாரிகள்.
"பெட்டி எம்பது ரூவா மேடம். பறிக்கிற கூலி வரல.
ஆணி அடிச்சவனுக்கு மட்டும் கூலி."
வட்டத்துக்குள் எதுவும் வளரவில்லை.

ஓடிக்கொண்டிருந்த டிரிப்பில் கால்சியம் உண்டு.
கழற்றி, உப்புநீர் விட்டுக் குழாயைக் கழுவினேன்.
சில பங்காளிகளை
ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது.
பிறகு மெதுவாக, மிக மெதுவாக.
மருந்து உள்ளே போகும்போது
நான் ஊசியைப் பார்ப்பதில்லை,
முகத்தைப் பார்க்கிறேன்.

நான்காம் நாள்
சிவப்பு வரப்பை விட்டு இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.
ஐந்து நாளுக்கு செஃபலெக்சின் கொடுத்து அனுப்பினோம்:
ஆறு மணிக்கு ஒன்று,
வலி போனாலும் நிறுத்தக்கூடாது,
தடிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திவிட்டு ஓடிவரணும்.
கெம்பம்மா விரல் மடக்கி எண்ணிக்கொண்டாள்.

போன மூன்றாம் நாளே வந்து நிற்கிறான்,
செருப்புப் போட்ட காலோடு, தனியாக.
"கால் நல்லாருக்கு மேடம்.
ஆட்டுக்கு மடி வீங்கியிருக்கு.
மீதி எட்டு இருக்கு. எத்தன குடுக்கலாம்?"

ஆட்டுக்கு ஆட்டு டாக்டர் இருக்கிறார் என்றேன்.
அவன் காலைக் காட்டி,
உள்ளே இன்னும் கொஞ்சம் பேர் ஒளிந்திருக்கிறார்கள்,
பாதியில் விட்டால்
அடி வாங்கிப் பழகினவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள் என்றேன்.
"நம்ம மண்டித் தரகருங்க மாதிரி" என்றான்.
என் முன்னாலேயே ஒன்றை வாயில் போட்டு
குழாய்த் தண்ணீர் குடித்தான்.

மீதி ஏழு?
சட்டைப் பையில் அட்டை சரசரக்க
வெள்ளிச்சந்தை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.
ஆடு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறதோ.
முழங்காலுக்குக் கீழே
என் கோடு மட்டும் இன்னும் அழியாமல் இருந்தது,
அவன் குளிக்கவே இல்லை போல.