இரண்டே முக்கால்

சதாம் வீதித் துவக்குக் கடையில்
ஏழு வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
ஒரு துவக்கையும் சுட்டதில்லை.
எண்ணுவேன்: பெட்டிக்கு இருபத்தைந்து தோட்டா,
லைசென்ஸ் இலக்கம், கையொப்பம், மீதி.
ஐப்பசி பிறந்தால் முத்துராஜவெலச் சதுப்பில்
கிளுவைகள் வந்திறங்கும்.
பறவை பார்த்து எனக்கு அது தெரிவதில்லை,
பேரேட்டில் ஆறாம் நம்பர் சன்னம் குறையும்.
உள்ளான் வந்தால் எட்டாம் நம்பர்.

அன்று மெர்வின் ஷொக்மன்
நனைந்த தொப்பியைக் கவுண்டரில் வைத்தார்.
என் கார்பன் தாள் போயிற்று.
அடுத்தது ஒரு பெட்டி,
மிசூரியிலிருந்து தம்பி கொடுத்துவிட்டது.
சிவப்புத் தோட்டா. மூன்று அங்குலம்.
மூடியில் ஒரு வான்கோழி
வாலை விரித்து நின்றது, கலியாண வீட்டு மாமா மாதிரி.

"அங்கே இது காட்டில் நடக்குது, மிஸ் கதிரவேலு.
விடியுமட்டும் மரத்தோடு மரமாய்க் குந்தியிருந்து
தலையையும் கழுத்தையும் பார்த்து அடிக்கவேணுமாம்.
அவ்வளவு சின்ன இடத்துக்கு
அவ்வளவு சன்னம்.
வான்கோழியையே விழுத்துமென்றால்
கிளுவை எந்த மூலைக்கு?"

அவருடைய பக்கத்தைப் புரட்டினேன்.
இரட்டைக் குழல், பர்மிங்ஹாம்,
யுத்தம் முடிந்தபின் செய்தது.
அறை நீளம் இரண்டே முக்கால்.

"போகும்" என்று துவக்கை மடித்து
ஒன்றைப் போட்டும் காட்டினார்.
போனது.
சொந்த வீட்டுக்குள் போவதுபோல வழுக்கிப் போனது.
மூடினார். கிளிக்.
கடையில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் போதும்.
முதலாளி எஸ்ஸாஜியும் என்னைத்தான் பார்த்தார்.

வெளியே எடுக்கச் சொன்னேன்.
எங்கள் அலுமாரியிலிருந்து புதுத் தோட்டா ஒன்று,
திருத்தும் மேசைக்குக் கீழே தகரத்திலிருந்து
சுட்ட கோது ஒன்று.
இரண்டும் ஒரே கம்பனி, ஒரே அளவு.
அடிமட்டத்தின் மேல் பக்கத்தில் பக்கம் கிடத்தினேன்.
கோது அரை அங்குலம் நீளம்.

"பெட்டியில் எழுதியிருப்பது
சுட்டு முடிந்தபின் உள்ள நீளம், சேர்.
இப்போது தலையை மடித்துக்கொண்டு இருக்கிறது.
ஆறு மடிப்பு, கடதாசிப் பூ மாதிரி.
விரியும்போதுதான் தன் இடத்தைக் கேட்கும்.
உங்கள் அறை முடிகிற இடத்தில் குழல் ஒடுங்குது.
விரிந்த வாய் அங்கே போய் அடைக்கும்,
சன்னம் பின்னால் நெருக்கும்,
மருந்து காத்திருக்காது.
குழலுக்குக் கீழே இருப்பது
உங்கள் இடது கை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் நிறுத்தியிருக்கலாம்.
"நீளம் கூடினால் தூரம் கூடாது, சேர்.
சுமைதான் கூடும்.
முப்பது யாரில் நாணலுக்கு மேலே திரும்பும் கிளுவைக்கு
ஓர் அவுன்ஸ் தாராளம்."

"நீங்கள் எத்தனை கிளுவை அடித்திருக்கிறீர்கள், மிஸ்?"
யாரோ சிரித்தார்கள்.
ஷொக்மன் பெட்டியை எடுத்துக்கொண்டு
மழைக்குள் போனார்.
அவர் தொப்பி வைத்த ஈரம்
மத்தியானம் வரை காயவில்லை.

பேரேட்டில் அந்தப் பெட்டிக்கு வரியில்லை,
நாங்கள் விற்காத தோட்டா.
ஆனால் அந்த ஐப்பசி முழுக்க
வெள்ளவத்தை ரயிலில் நின்றபடி
அதைத்தான் கணக்குப் பார்த்தேன்:
இருபத்தைந்து, மீதி எத்தனை?
தீபாவளிக்கு ஒழுங்கையில் யானைவெடி கொளுத்தினார்கள்.
கையிலிருந்த தேத்தண்ணி சட்டையில் கொட்டியது.
மார்கழியில் கோட்டை நிலையத்து வாசலில்
கால் கட்டிய நத்தார் வான்கோழிகள் விலைக்குக் கிடந்தன,
ஒரு தோட்டாவும் இல்லாமல் பிடிபட்டவை.
என்னைக் கோபமாய்ப் பார்த்தன.

தை மாதம் மூன்றாம் கிழமை,
அதே தொப்பி. மழையில்லை.
"ஆறாம் நம்பர் ஒரு பெட்டி.
இரண்டே முக்கால்" என்றார்,
அந்த முக்காலைக் கொஞ்சம் அழுத்தி.
சிவப்புப் பெட்டியைப் பற்றி அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மின்விசிறி தாளைப் புரட்டப் பார்த்தது.
அவர் வலது கையால் ஒப்பமிட்டார்,
இடது கையால் பேரேட்டை அமத்திப் பிடித்தார்.

ஐந்து.
எண்ணுவதுதானே என் வேலை.