முப்பது மைல்

ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம்.
ஆயிரம் பக்க உடற்கூறியலை
இரண்டு முறை கரைத்துக் குடித்தவள் நான்.
இதில் ஒன்பதாம் பக்கத்தில் தடுக்கி விழுந்து
இரவு பதினொன்றரை வரை எழவில்லை.

தங்கை அடேலைக் கூப்பிட்டேன்.
தானியக் கிடங்கில் சோளம் வாங்கி விற்பவள்.
கல்லூரிப் படி மிதிக்காதவள்,
ஒரு டாலர் கடன் இல்லாதவள்.

என் கடன் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
நான் தூங்கும்போதும் அது தூங்காது.
நாளொன்றுக்கு ஐம்பத்தெட்டு டாலர்
கொழு கொழுவென்று வளரும் பிள்ளை.

அடேல் பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
சட்டைக் கையிலிருந்து சோள உமி
மேசையெல்லாம் கொட்டியது.
"சம்பளம் எத்தனை வருஷத்துக்கு?"
"இரண்டு."
"மூன்றாவது வருஷம்?"
"அலகுக் கணக்கு.
பார்க்கிற நோயாளிக்கு இத்தனை அலகு,
அலகுக்கு இத்தனை டாலர்."
"அப்போது நானும் நீயும் ஒன்றுதான்," என்றாள்,
"எனக்கு மரக்கால், உனக்கு அலகு."

தொண்டை வலிக்கு ஒன்று சொச்சம்.
மரு எரித்தால் அதற்கும் ஒன்று.
உங்கள் மகன் பிழைக்க மாட்டான் என்று
ஒரு தாயிடம் சொல்வதற்கு எவ்வளவு?
பட்டியலை மேலிருந்து கீழே தேடினேன்,
பிறகு கீழிருந்து மேலே.

பதினேழாம் பக்கத்தில் வால்.
வேலையை விட்டுப் போன பிறகும்
பழைய நோயாளி வழக்குப் போடலாமாம்.
அதற்கொரு காப்பீடு, பெயரே வால்தான்.
வாங்க வேண்டியது நான்.
"போன பிறகும் உன் நிழலுக்கு வாடகை,"
அடேல் பென்சிலால் கோடு போட்டாள்.

இருபத்திரண்டில் நின்றாள்.
விலகினால் இரண்டு ஆண்டு
முப்பது மைலுக்குள் வைத்தியம் கூடாது.
மாவட்ட வரைபடத்தை விரித்தாள்,
வாணலி மூடியை வைத்து அளவு பார்த்தாள்,
சிறியது. சூப்புப் பானை மூடிதான் பொருந்தியது.
வட்டத்துக்குள் என் மகன் பள்ளி.
அப்பாவின் கல்லறை.
வெள்ளிக்கிழமை கொலாச்சே சுடும் வாண்ட்ரா பேக்கரி.
கிழக்கே மிசிசிப்பி முழு அகலமும் உள்ளே;
அக்கரையில் இல்லினாய்.
மாநிலம் மாறியும் மூடி விடவில்லை.
"ஆற்று நடுவில் தோணி கட்டிக்கொண்டு
ஊசி போடலாமா?"
"ஆறும் அவர்களுடையதுதான்."

நிர்வாகி திருமதி ப்ரூன்ஸ்
எல்லோருக்கும் ஒரே படிவம்தான் என்றார்.
அடேல் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று:
விலையைச் சொன்னதும் வாயை மூடு.
பத்து மைல் என்றேன், மூடினேன்.
அவர் மூச்சை எண்ணினேன், பழக்க தோஷம்.
பத்தொன்பதாவது மூச்சில் சொன்னார்:
"பதினைந்து."

அப்பாவும் பேக்கரியும் உள்ளேயே.
பள்ளிக்கூடம் மட்டும் வெளியே வந்தது.
வால் எனக்கே.
கையெழுத்திட்டேன்; அன்றிரவு
வென்றவள் போலத்தான் சாப்பிட்டேன்.

முதல் திங்கள், மூன்றாவது நோயாளி.
ஆர்வில் டெஸ்கி, வான்கோழிப் பண்ணை,
வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.
எட்டு எலும்புகளையும் விரலால் தொட்டுப் படித்தேன்.
படகெலும்பில் கை வைத்ததும் முகம் சுளித்தார்.
படம் எடுக்க வேண்டும் என்றேன்.
இடது கையால் சட்டைப் பொத்தானைத்
தப்பான துளையில் மாட்டிக்கொண்டே கேட்டார்:
"எவ்வளவு ஆகும், டாக்டர்?"

எனக்கு எவ்வளவு என்று தெரியும்.
காசு சுத்தமாகத் தெரியும்.
அவருக்கு எவ்வளவு?
முன்மேசையில் கேட்டேன்.
அவர் அட்டையைப் பொறுத்தது என்றார்கள்.
அட்டைக்காரர்களிடம் கேட்டேன்.
தொலைபேசி இசை போட்டது.
பதினைந்து நிமிடம் முடிந்து
பதினாறு, பதினேழு,
அடுத்த அறையில் ஒரு குழந்தை இருமியது.

டெஸ்கி எழுந்தார்.
"அறுப்பு முடியட்டும்," என்றார்,
என்னைத் தேற்றுவது போல.
தப்பான பொத்தானோடே போனார்.

மாலையில் கோப்பை மூடும்போது
முகவரி கண்ணில் பட்டது.
பதினான்காவது மைல்.