ஏழாம் கோரிக்கை

ரைஸ்வைக். நவம்பர். நாலரைக்கே இருட்டு.
கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில்
எனக்குச் சம்பளம் ஒரே வாக்கியத்துக்கு:
இது புதிதல்ல.
அதை நாகரிகமாக, ஷரத்து எண்ணோடு,
மூன்று மொழிகளில் சொல்லத் தெரியும்.

மேசையில் ட்ரொண்ட்ஹைமிலிருந்து வந்த கோப்பு.
விண்ணப்பதாரர் ஓட்வார் ஷெல்ப்ரெட்.
கம்பெனி இல்லை, தனி ஆள்.
படங்களைக் கையால் வரைந்திருக்கிறார்:
சிப்புக்குள் ஒரு வரிசை,
வரிசையில் சதுரம் சதுரமாய்ப் பொட்டலங்கள்,
ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பொடி எழுத்தில்
எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது.

சுவிட்ச் ஒரு நாற்சந்தி, அவ்வளவுதான்.
எல்லாத் திசையிலிருந்தும் ஒரே கணத்தில் வந்தால்
நிற்க இடம் கொஞ்சம்.
இடம் தீர்ந்ததும் கடைசியாக வந்தது விழும்.
விழுந்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள்.
அனுப்பியவன் காத்திருப்பான்.
மறுபடி அனுப்புவான்.
இந்த முறை இரண்டு மடங்கு காத்திருப்பான்.
பிறகு நான்கு மடங்கு.
இந்தக் கணக்கை யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.
க்ரோனிங்கனில் என் தங்கையின் தொலைபேசி
நான்காம் வருடமாக மணியடித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றாம் கோரிக்கை:
வரிசை நிரம்புமுன்பே குருட்டாம்போக்கில் ஒன்றை உதிர்த்தல்.
பழசு.
இரண்டு: உதிர்க்காமல் எச்சரிக்கைப் பொட்டு வைத்து அனுப்புதல்.
அதுவும் பழசு.
மூன்றிலிருந்து ஆறுவரை
அதே இரண்டு பேர், வேறு சட்டையில்.
அடித்துக்கொண்டே வந்தேன். பென்சில் முனை ஒடிந்தது.

ஏழு.
"மேற்சொன்ன நினைவகம் நிரம்பிய நிலையில்
மேற்சொன்ன பொட்டலத்தின் உடலை வெட்டி நீக்கி,
தலையை மட்டும் எடுத்துக்கொண்டு,
அத்தலையை, காத்திருக்கும் அனைத்துக்கும் முன்னதாக,
சேருமிடத்துக்கு அனுப்பும் அமைப்பு."

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்,
சரி, தெரிந்ததுதான்.
ஆனால் இவர் வேறேதோ சொல்கிறார்.
ஒன்பதாயிரம் பைட் சரக்கு போனால் போகட்டும்;
போயிற்று என்ற சேதி, அறுபத்து நான்கே பைட்,
அது வரிசையில் நிற்கக் கூடாது.

மூன்று வாரம் தேடினேன்.
கொரியக் கோப்புகள், ஜப்பானியக் கோப்புகள்,
கைவிடப்பட்ட விண்ணப்பங்களின் கிடங்கு.
ஒரு மாநாட்டு மலரின் அடிக்குறிப்பு
கிட்டத்தட்டக் கழுத்தைப் பிடித்துவிட்டது:
அங்கும் வெட்டுகிறார்கள், தலையை வைத்துக்கொள்கிறார்கள்,
கொண்டுபோய் வரிசையின் வாலில் நிறுத்துகிறார்கள்.

அப்படியானால் வித்தியாசம்
படம் மூன்றில் ஒரு கோடு மேல்நோக்கித் திரும்புவது.
அவ்வளவே.

"விஷயம் தெரிந்த யாருக்கும் இது தோன்றுமே" என்றாள்
பக்கத்து மேசை வீட்ஸ்கே, ஆப்பிள் கடித்தபடி.
"தோன்றியிருந்தால் திருப்பியிருப்பார்களே" என்றேன்.
தோளைக் குலுக்கினாள். வேலை நேரம் முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை, ஆஸ்லோ வக்கீலிடமிருந்து கடிதம்.
பக்கம் ஒன்று, மொத்தம் மூன்றில்.
கோப்பு எண். தேதி.
பொருள்: கண்டுபிடிப்பாளர் காலமானது தொடர்பாக.
அதற்குக் கீழே வெள்ளை.
எங்கோ ஒரு ஸ்கேனர், எங்கோ ஒரு சந்தி,
மற்ற இரண்டு பக்கமும் வரவில்லை.

நான் அந்த ஒற்றைப் பக்கத்தை
விளக்குக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.
எதற்கென்று தெரியவில்லை.
பின்னால் ஒன்றும் இல்லை.

மீதி திங்கள்தான் வந்தது:
வாரிசின் பெயர், ஒரு மகள், போடோவில் இருக்கிறாள்,
கட்டணம் செலுத்திய ரசீது.
அதற்குள் எழுதி முடித்திருந்தேன்.
ஒன்று முதல் ஆறுவரை: நிராகரிப்பு.
ஏழு: புதிது.
இந்த வருடம் அந்தச் சொல்லை
நான் எழுதியது இது இரண்டாம் தடவை.

டெல்ஃப்ட் போகும் டிராமை விட்டுவிட்டேன்.
நிறுத்தத்தின் கடையில் ஒரு அஞ்சலட்டை,
படத்தில் எந்த ஊரென்றுகூடப் பார்க்கவில்லை.
தங்கை பெயர். தெரு. கதவு எண். க்ரோனிங்கன்.
தபால்தலை ஒட்டினேன்.
இடதுபக்கத்தில் ஒன்றும் எழுதாமல்
பெட்டிக்குள் போட்டேன்.