ஏழாவது பொத்தான்

என் கோட்டில் ஏழு பொத்தான்கள்.
ஆறு, ரேணிகுண்டா சந்தையில்
டஜன் கணக்கில் வாங்கிய தகரம்.
ஏழாவது பித்தளை. கனம்.
தொப்புளுக்கு நேரே.
அதில் ஒரு கிரீடம், கிரீடத்தின் கீழ்
நரம்பு இழுத்துக் கட்டிய ஏதோ ஒன்று.

நகரித் தறிக்காரர் பார்த்துவிட்டுத் தறி என்றார்.
தமிழ் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி,
யாழடா இது, யாழ், என்று அதட்டினார்
நான்தான் அதைத் தொலைத்தவன் போல.
பெங்களூர் தண்டில் பழைய உடுப்பு விற்கும் தஸ்தகீர் சொன்னது வேறு:
அயர்லாந்துப் பட்டாளத்து பேண்டுக்காரன் போட்டது.
அவன் ஊரையும் இங்கிலீஷ்காரன்தான் ஆண்டான்,
அவனுக்கே இவன் ஊதினான்.
எனக்குச் சரியாக விளங்கவில்லை.
ஐம்பது ரூபாய் குறைத்தார்.

போன சித்திரையில் புத்தூரில் ஒரு சாவு.
சுபேதார் கோதண்டராமுலு.
பியூகிள் ஊத ராணுவத்து ஆள் வருவதாக இருந்து
வரவில்லை.
எங்களைக் கூப்பிட்டார்கள், எட்டுப் பேர்.
எஃபோனியம் நான். வாய் நசுங்கியது.
முறிந்த எலும்பையெல்லாம் சேர்க்கிற ஊரில்
அதற்குக் கட்டுப் போட ஆளில்லை.

வாசலில் மகன் மறித்தார்.
கோட்டு தீசேயண்டி.
இது மிலிட்டரி உடுப்பு. எங்க நாயனா
இருபத்தெட்டு வருஷம் போட்டது.
கண்டவனும் மாட்டிக்கிட்டு வர்றதுக்கில்லை.

கழற்றினோம்.
எபநேசர் பனியன் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டார்;
டிரம்பெட்டுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
கார் பானெட்டின் மேல் எட்டுச் சிவப்புக் கோட்டுகள்
குப்புறக் கிடந்தன.

மெதுவான பாட்டு எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.
பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது வாசிப்பது.
அதைப் பாதி வேகத்தில் வாசித்தோம்.
மகன் அப்போதுதான் அழுதார்.

பெட்டிக்குள் சுபேதார் உடுப்போடு இருந்தார்.
கடைசி நாட்களில் வயிறு ஊதியிருக்க வேண்டும்,
நடுவில் ஒரு பொத்தான் தெறித்துப்போய்
அந்த இடத்தில் ஊக்கு.

என்னிடம் ஒன்று இருந்தது.
பத்தடி தூரத்தில், வெயிலில்.
கொடுக்கவில்லை.
கேட்கவுமில்லை யாரும்.

பள்ளிப்பட்டு வரும்வரை வேனில் பேச்சில்லை.
கோட்டு மடியில்.
கட்டைவிரல் நகம்
அந்த நரம்புகளை எண்ணிக்கொண்டே வந்தது.
எட்டு.
திரும்ப எண்ணினால் ஒன்பது.